கார்த்திகைக் கிழங்கு கவுட்டுக்கு நல்லதா?

கேள்வி, 14.11.2023

அப்பாவுக்கு யூரிக் அசிட் கூடி, வலது கால் பெருவிரல் வீங்கி மூன்று நாளாகப் படுக்கை. போர்வை பட்டாலும் கத்துகிறார். நாங்கள் மாங்குளத்துக்கு இங்கால, காட்டுக்கரை வளவு. வேலி முழுக்கக் கார்த்திகைப்பூ, செங்காந்தள். கவுட் என்கிற இந்த மூட்டு வீக்க வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற குளிசையே இந்தச் செடியில் இருந்துதான் எடுக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கிழங்கை மோரில் ஏழு நாள் ஊறப்போட்டால் நஞ்சு இறங்கிவிடுமாம். அப்படிக் கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு கொடுக்கலாம்?

14.11.2023, இரவு

கொடுக்க வேண்டாம். மற்றதை ஆறுதலாக வாசிக்கலாம்.

கிழங்கைத் தோண்டி எடுத்திருந்தால் ஆழக் குழி வெட்டித் தாழுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இன்றைக்கே. அப்பாவை நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சலரோகம், சிறுநீரகப் பிரச்சினை ஏதும் இருந்தால் டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

நான் வைத்தியர் இல்லை. முப்பது வருடம் வன்னியின் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்பக்கம் நின்றவன். எனக்கும் கவுட் இருக்கிறது, எங்கள் வேலியிலும் கார்த்திகைப்பூ இருக்கிறது. ஆனபடியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு பக்க உரிமையும் உண்டு.

வீடியோக்காரர் சொன்னதில் பாதி உண்மை. குளிசையின் பெயர் கொல்சிசின். அது கார்த்திகைச் செடியின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. மற்றப் பாதிதான் பிழை. மோரில் ஊறவைத்தால் நஞ்சு போகும் என்பது வெறும் கதை.

15.11.2023

குளிசைக்கும் கிழங்குக்கும் என்ன வித்தியாசம், பொருள் ஒன்றுதானே என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி.

குளிசை ஒன்றில் 0.5 மில்லிகிராம். அமெரிக்காவில் 0.6. 0.5 என்பது ஒரு கிராமை இரண்டாயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. கையில் வைத்துப் பார்த்தால் குளிசையில் பெரும்பகுதி மாவுதான். கவுட் பிடித்த அன்றைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் கூட முன்பு ஒரு முரட்டுப் பழக்கம் இருந்தது: நோ குறையும்வரை அல்லது வயிற்றால் போகும்வரை மணிக்கு மணி கொடுப்பது. பெரும்பாலும் வயிறுதான் முந்தும். 2010 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் மொத்தம் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களையும் 1.8 மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நோ குறைந்தது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வயிற்றோட்டம் மட்டும் கூட எடுத்தவர்களுக்குத்தான் கூட. அதற்குப் பிறகு முதலில் 1.2, ஒரு மணித்தியாலம் விட்டு 0.6, அவ்வளவோடு நிறுத்துவது என்ற முறை பரவியது.

ஒரு மில்லிகிராம் அங்கே இங்கே போனாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய மருந்து இது. உங்கள் வேலிக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது? செடிக்குச் செடி, மண்ணுக்கு மண், மாதத்துக்கு மாதம் மாறும். விதையில் கிழங்கைவிடக் கூட. சுண்டங்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு என்று சொல்லுகிறவருக்கு உள்ளே இருப்பது எவ்வளவு என்று தெரியாது.

இன்னொன்று. கொல்சிசின் யூரிக்கமிலத்தைக் குறைப்பதில்லை. ஒரு சொட்டும் குறைப்பதில்லை. மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்த யூரேற்று, அதாவது யூரிக்கமில உப்புப் பளிங்குகளைக் கண்டு வெண்குருதிக் கலங்கள் படையாகப் போய் அங்கே தீ மூட்டுகின்றன. அந்தப் படையின் காலைப் பிடித்து இழுப்பதுதான் கொல்சிசின் செய்கிற வேலை. ஊசிகள் அப்படியே கிடக்கும். அவற்றைக் கரைக்க அலோபியூரினோல் போன்ற வேறு மருந்து வேண்டும், அதுவும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில். நோ நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டு அடுத்த கலியாண வீட்டில் ஆட்டிறைச்சியும் கணவாயும் வெட்டி, இரவே விரலைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். ஒருவரைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

16.11.2023

முந்தநாள் மோர் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். வெறும் கதை என்றது அவசரம்.

எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பரியாரியார் ஒருவர், காலமாகிப் பல வருடம், கலப்பைக் கிழங்கைச் சுத்தி செய்வதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர் இதைக் கார்த்திகைக் கிழங்கு என்றே சொல்ல மாட்டார், கலப்பைக் கிழங்குதான். வளைந்து கலப்பை மாதிரி இருக்கும். மெல்லிதாக அரிந்து, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் அந்த மோரை ஊற்றிவிட்டு, வெயிலில் காயவைத்து, பின்னேரம் திரும்பப் புது மோர். இப்படியே பல நாள். ஊற்றுகிற மோரை வளவுக்குள் ஊற்ற விடமாட்டார். கோழி குடித்துவிடும் என்பார்.

அந்தக் கோழிக் கதையில்தான் முழு இரசாயனமும் இருக்கிறது. கொல்சிசின் தண்ணீரில் நன்றாகவே கரையும். செடிகளில் உண்டாகும் இந்த வகைப் பொருள்களை அல்கலொயிட்டு என்பார்கள், பெரும்பாலானவை அப்படிக் கரைவதில்லை, இது கொஞ்சம் விசித்திரம். மெல்லிதாக அரிந்து நாளுக்கொரு தடவை மோரை மாற்றினால் ஒரு பங்கு நிச்சயம் இறங்கும். பரியாரியாருக்குக் கரைதிறன் அட்டவணை தெரியாது, ஆனால் நஞ்சு மோருக்குப் போய்விட்டது என்பது தெரிந்திருந்தது.

ஆக, மோர் முறை வெறும் கதை இல்லை. அது கழுவல். ஆனால் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நாக்கைத் தவிர வேறு தராசு இல்லை. அவரும் அதைச் சுத்தி செய்துவிட்டு அள்ளிக் கொடுத்தவர் அல்லர். பெரும்பாலும் அரைத்துப் பூசத்தான். உள்ளுக்குக் கொடுத்ததை நான் காணவில்லை. வீடியோவில் மோரை மாற்றுகிற பகுதியை விட்டுவிட்டு ‘ஏழு நாள்’ என்பதை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

அவித்தால் போகும் என்று இன்னொருவர். போகாது. அவிக்கிற சூட்டுக்குக் கொல்சிசின் உடையாது. அவித்த தண்ணீரை ஊற்றினால் கொஞ்சம் தண்ணீரோடு போகும், அவ்வளவுதான்.

18.11.2023

சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். மூன்று நாளாக மனதில் கிடந்து அரிக்கிறது.

1996 இல் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் போனோம். அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், ஆவணி மாதம், ஒரே வெக்கை. இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று பற்றைக் காட்டை வெட்டி வளவாக்கிக்கொண்டிருந்தது. பதினொரு வயதுப் பொடியன் அலவாங்கால் நிலத்தைக் கிளறும்போது கிழங்கு வந்தது. காட்டுவள்ளி என்று நினைத்துச் சுட்டுத் தின்றிருக்கிறான். நிவாரண அரிசியோடு நாளை ஓட்டிய காலம், கிழங்கு கிடைத்தால் அது விருந்து.

இரவு ஒன்றும் இல்லை. விடியப்புறம் சத்தி, வயிற்றோட்டம். தாய் தூக்கிக்கொண்டு வந்தா. அந்த மாதம் தண்ணீர் கெட்டு, வருகிற எல்லாப் பிள்ளைக்கும் வயிற்றோட்டம்தான். வரிசை வாசல்வரை நின்றது. நான்தான் யன்னலால் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனி உப்புக் கரைசல் பக்கற்றுகளைக் கொடுத்து, கொதித்தாறிய தண்ணீரில் கலக்கச் சொல்லி அனுப்பினேன். என்ன சாப்பிட்டாய் என்று நானும் கேட்கவில்லை, எனக்கு முன்னால் அவனைப் பார்த்தவர்களும் கேட்கவில்லை.

அடுத்த நாள் தாய் திரும்ப வந்தா. சீலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேசையில் வைத்தா. பாதி கடித்த கிழங்கு, வளைந்தது. பார்த்த உடனே எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

பொடியன் தப்பினான். மருந்து என்று ஒன்றும் இருக்கவில்லை, இன்றைக்கும் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய முறிவு மருந்து இதற்கு இல்லை. சேலைன் ஏற்றி, பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பத்து, பன்னிரண்டு நாளில் எழும்பி நடந்தான். பிறகுதான் தலைமுடி கொட்டத் தொடங்கியது. கையால் கோதினால் கையோடு வந்தது. ஒரு கிழமைக்குள் மொட்டை. தாய் அதைப் பார்த்துத்தான் கூட அழுதா. மாதங்கள் போகத் திரும்ப முளைத்தது.

பல வருடம் கழித்து அறிந்தேன், 1966 இலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இலங்கையிலிருந்து ஒரு கட்டுரை வந்திருக்கிறது: கார்த்திகைக் கிழங்கு தின்று தப்பிய ஒரு பெண்ணுக்குத் தலைமுடி முழுதும் கொட்டியதைப் பற்றி. முப்பது வருடத்துக்கு முன்னமே எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் யன்னலுக்கு அது வந்து சேரவில்லை.

18.11.2023, பின்னேரம்

மேலே எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்ல மறந்துவிட்டேன். தின்ற உடனே ஒன்றும் செய்யாது. சில மணித்தியாலம் ஆள் சாதாரணமாக இருப்பார். பிறகு சத்தியும் வயிற்றோட்டமும். அது குறைந்து தேறுகிற மாதிரி இருக்கிற நேரத்தில்தான், இரண்டாம் மூன்றாம் நாளில், உள்ளுக்கு எலும்புமச்சை, இருதயம், சிறுநீரகம் என்று அடி விழும். ஆகவே யாராவது, எந்தக் காரணத்துக்காகவும், இதை விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. மிச்சக் கிழங்கையும் கொண்டு போங்கள். யாரும் ஏச மாட்டார்கள். ஏசினாலும் வாங்கிக்கொள்ளலாம்.

19.11.2023

மனுசி வாசித்துவிட்டு, மல்லாவிக் கதை 97 இல்லை 98 என்கிறா. எங்கள் இரண்டாவது மகள் நடக்கத் தொடங்கியிருந்த நேரமாம். சரி, 98. இப்படியான விஷயத்தில் அவவோடு வழக்காடி நான் ஒருநாளும் வென்றதில்லை.

22.11.2023

ஏன் வயிறு, எலும்புமச்சை, முடி என்று குறிப்பாக மூன்றும்? இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும்.

கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது மரபணுக்களைச் சுமக்கிற நிறமூர்த்தங்களை இரண்டு பக்கமும் இழுக்க நூல் மாதிரி நுண்குழாய்கள் வேண்டும். அந்தக் குழாய்களைக் கட்டுகிற கல் ரியூபியூலின் என்ற புரதம். கல்லின் மேல் கல்லாக நேராக அடுக்கப்பட வேண்டும். கொல்சிசின் வந்து ஒரு கல்லில் ஒட்டிக்கொண்டால் அந்தக் கல் கொஞ்சம் வளைந்துவிடும். வளைந்த கல்லுக்கு மேல் அடுத்த கல் இருக்காது. சுவர் நின்றுவிடும். கலம் பிரியத் தொடங்கி, பாதி வழியில் நிறமூர்த்தங்களை நடுவில் குவித்து வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். பிறகு சாகும்.

உடம்பில் ஓயாமல் பிரிகிற கலங்கள் எவை? குடலின் உட்சுவர், இரத்தம் செய்கிற எலும்புமச்சை, மயிர்க்கால். அவைதான் முதலில் விழும். புற்றுநோய் மருந்து எடுக்கிறவர்களுக்கு முடி கொட்டுவதும் இதே கணக்குத்தான். ரியூபியூலினைக் கண்டுபிடித்ததே 1960களில், கொல்சிசினைத் தூண்டிலாகப் போட்டு, எது வந்து கொழுவுகிறது என்று பார்த்துத்தான்.

வெண்குருதிக் கலம் மூட்டுக்கு நடந்து போகவும் இதே குழாய்கள் வேண்டும். மருந்தாக வேலை செய்வதும் நஞ்சாக வேலை செய்வதும் ஒரே கொழுவல். ‘நஞ்சை எடுத்துவிட்டு மருந்தை மட்டும் வைத்தோம்’ என்று யாராவது சொன்னால், இந்தச் செடியைப் பொறுத்தவரை, நம்பாதீர்கள். நஞ்சு முழுக்க இறங்கினால் மருந்தும் இறங்கிவிட்டது.

வவுனியாப் பக்கத்துக்காரருக்கு ஒரு வார்த்தை. அங்கே சிறுநீரக நோயாளிகள் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். கொல்சிசினில் ஒரு பங்கு சிறுநீரகத்தால் வெளியேற வேண்டும். அது பழுதென்றால் சாதாரண அளவே உடம்பில் தேங்கி நஞ்சாகும். கிளரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்ந்தாலும் அப்படித்தான், குருதியில் அளவு ஏறிவிடும். குளிசைக்கே இந்தக் கதி. கிழங்கைப் பற்றி நான் இனிச் சொல்லத் தேவையில்லை.

24.11.2023

படித்த பிள்ளை ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. நான் தனிச்செய்தியில் அவருக்கு இது லில்லிக் குடும்பம் என்று எழுதினேன். நான் படித்த காலத்தில் அப்படித்தான். இப்போது அதைப் பிரித்துக் கொல்சிக்கேசியே என்று தனிக் குடும்பமாக்கிவிட்டார்களாம். அது பொருத்தம்தான், கொல்சிசின் அந்தக் குடும்பத்தின் வீட்டுச் சொத்து மாதிரி.

பேரினத்தின் பெயர் குளோரியோசா. லின்னேயஸ் 1753 இல் வைத்தது. பத்துச் சொச்சம் இனங்கள், அநேகமானவை ஆபிரிக்காவில். சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதே பேரினம்தான், தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். நம்மிடம் இருப்பது சுப்பேர்பா என்ற ஒரே இனம். செங்காந்தள், காந்தள், வெண்தோண்டி, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு, சிங்களத்தில் நியங்கலா எல்லாம் இது ஒன்றையே. கண்வலி என்ற பெயரைப் பார்த்துக் கண்ணில் விட வேண்டாம், தயவுசெய்து.

பூவை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? ஆறு இதழும் பின்பக்கம் மடிந்து மேலே நிற்கும். முதலில் பச்சை, பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் நாலு நிறத்தில் பூ நிற்கும். சூல்தண்டு நேரே நிற்காமல் செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பிப் போகும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். ஐப்பசி மழைக்கு முளைத்து, இந்த மாதம் வேலிக்கு மேலே தலை நீட்டும். முப்பது வருடம் யன்னலுக்குள் நின்றதால் நான் இதை ஒழுங்காகப் பார்த்தது ஓய்வெடுத்த பிறகுதான்.

27.11.2023

இன்றைக்கு இதைப் பற்றி எழுதவில்லை. பூவுக்கு இன்றைக்கு வேறு வேலை. இங்கே இருக்கிறவர்களுக்கு விளங்கும்.

3.12.2023

கொல்சிசினைக் கண்டுபிடித்த கதை கேட்டிருந்தார்கள்.

கார்த்திகைப்பூவுக்கு ஐரோப்பாவில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரம் உண்டு, கொல்சிக்கம். குங்குமப்பூ மாதிரி இருக்கும், இலையுதிர் காலத்தில் பூக்கும். கருங்கடல் கரையில் கொல்கிஸ் என்றொரு பழைய நாடு இருந்தது, அந்தப் பெயர்தான் அது. ஆறாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வைத்தியர் ஒருவர் கவுட்டுக்குக் கொடுத்திருக்கிறார். 1820 இல் பாரிசில் பெல்ற்றியே, கவந்து என்ற இருவர் அதிலிருந்து சத்தைப் பிரித்தார்கள். ஆனால் அது வேறொரு செடியில் ஏற்கெனவே தெரிந்த பொருள் என்று நினைத்துவிட்டார்கள். 1833 இல் ஜேர்மன்காரர் கைகர் என்பவர்தான் இது தனிப்பொருள் என்று கண்டு கொல்சிசின் என்று பெயர் வைத்தார்.

அந்தப் பாரிஸ் ஆட்கள் இருவரும் அதே 1820 இல் இன்னொன்றையும் பிரித்தார்கள். கொயினா. வன்னிக்காரனுக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. காடு வெட்டிக் குடியேறிய எங்கள் அப்புமாருக்குக் குலப்பன் காய்ச்சல் வீட்டு விருந்தாளி. என் கையால் மலேரியாக் குளிசை எத்தனை ஆயிரம் எண்ணிக் கொடுத்திருப்பேன். 2016 இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது எனக்கு நம்பவே கொஞ்ச நாள் எடுத்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொல்சிசினின் அமைப்பு: காபன் 22, ஐதரசன் 25, நைதரசன் 1, ஒட்சிசன் 6. மூன்று வளையங்கள். ஒன்று ஆறுமூலை, மற்ற இரண்டும் ஏழுமூலை. அந்த ஏழுமூலைதான் எல்லாரையும் நூறு வருடத்துக்கு மேல் சுற்றவிட்டது. ஆறுமூலை என்றே நினைத்து வரைந்து பார்த்தார்கள், பொருந்தவில்லை. 1945 இல் டுவார் என்பவர்தான் ஏழுமூலையாக இருக்கலாம் என்றார். செயற்கையாகச் செய்து காட்டியது 1959 இல். ஆனால் இன்றைக்கும் செடியில் இருந்து எடுப்பதுதான் இலகு.

செடி இதை எப்படிச் சமைக்கிறது என்பது 2020 இல்தான் ஏறக்குறைய முழுதாக வெளியே வந்தது. அமெரிக்காவில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில். பினைல்அலனின், தைரோசின் என்ற இரண்டு சாதாரண அமினோவமிலங்களில் தொடங்கி, வழியில் ஒரு ஆறுமூலையைப் பிரித்து ஏழுமூலையாக்குகிறது. அந்த வேலைக்கு அவர்கள் எடுத்தது ஐரோப்பியக் கொல்சிக்கத்தை அல்ல. நம்முடைய குளோரியோசா சுப்பேர்பாவை. அதன் மரபணுக்களைப் புகையிலைச் சாதிச் செடி ஒன்றில் போட்டுக் கொல்சிசினுக்குக் கிட்டவரை கொண்டுவந்து காட்டினார்கள். மாடு மேய்க்கப் போகும்போது நாம் விலத்திக்கொண்டு போகிற கொடி.

10.12.2023

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, மழை. இடையில் வந்த கேள்விகளில் ஒன்றுக்குத்தான் இப்போது பதில். கொல்சிசினால் வேறு என்ன பிரயோசனம்?

வத்தகப்பழம்.

பகிடி இல்லை. கொட்டை இல்லாத வத்தகப்பழம் கடையில் காண்கிறீர்கள்தானே. 1937 இல் பிளேக்ஸ்லி என்பவர் ஒரு விஷயம் கண்டார்: செடியின் வளர்நுனியில் கொல்சிசினைப் பூசினால் கலம் பிரியாமல் நின்று, நிறமூர்த்தம் மட்டும் இரட்டிக்கும். வத்தகைக்குச் சாதாரணமாக 22. இரட்டித்தால் 44. இந்த 44 ஐயும் சாதாரண 22 ஐயும் கலந்தால் பிள்ளைக்கு 33. ஒற்றை எண்ணைச் சரிசமமாகப் பங்கு பிரிக்க முடியாது, ஆகவே விதை முற்றாது. சதை மட்டும். ஜப்பான்காரர் கிஹாரா இதைச் செய்து காட்டினார். பழத்தில் கொல்சிசின் இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், அது பாட்டன் தலைமுறையில் பூசியது.

கிளிநொச்சி வெயிலில் வீதியோரம் வத்தகப்பழம் வெட்டித் தின்றுகொண்டு கொட்டையைத் துப்புகிற சுகம் எனக்குப் பிடிக்கும். கொட்டை இல்லாததில் என்ன இருக்கிறது?

18.12.2023

வன்னியில் இதைப் பயிராகச் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். காசு வாசம் வந்தால் நஞ்சுப் பயம் போய்விடும் போல.

1990 இல் அகதியாகத் தமிழ்நாட்டுக்குப் போய்க் கொஞ்சக் காலம் இருந்தேன். ஒட்டன்சத்திரத்துக்கு அங்கால ஒரு தோட்டத்தில் கூலிக்குப் போனபோது கண்டதைச் சொல்கிறேன். வரிசை வரிசையாகக் கார்த்திகைப்பூ. நம்ப முடியவில்லை, நம்மிடம் வேலியில் தானாக வருவதை அங்கே பாத்தி கட்டி வளர்க்கிறார்கள். கொடி ஏற முள்கிளுவைக் கம்பு நட்டிருந்தார்கள். எனக்கு ஊர் வேலிதான் ஞாபகம் வந்தது. காலை நேரம் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். சூல்தண்டு பக்கவாட்டில் விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. அந்த வேலை பெண்களுக்குத்தான், குனிந்தபடியே. விற்பது கிழங்கை அல்ல, விதையை. விதையில் கொல்சிசினோடு கொல்சிக்கோசைட்டும் இருக்கிறது. அதிலிருந்து தயோகொல்சிக்கோசைட் என்ற தசைப்பிடிப்பு மருந்து செய்கிறார்கள். வாங்குவது ஏற்றுமதிக்காரர். விலை ஒரு வருடம் வானம், அடுத்த வருடம் தரை.

எங்கள் மண்ணில் வளரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விதையை யார் வாங்குவார், சத்தை எங்கே பிரிப்பார்கள் என்று தெரியாமல் நட வேண்டாம். ஒரு ஏக்கர் நஞ்சை விளைவித்துவிட்டு மூட்டையைக் கோடிக்குள் வைத்துக்கொண்டு இருக்கப் போகிறீர்களா? காட்டில் போய் இருக்கிறதைக் கிளறி எடுக்கிற யோசனை அதைவிட மோசம். அப்படிக் கிளறித்தான் பல இடங்களில் செடி அருகிப் போனது.

9.1.2024

கேள்வி கேட்ட பிள்ளை எழுதியிருக்கிறார். அப்பாவைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி என்று காட்டுகிற கிரியாற்றினின் குருதியில் கொஞ்சம் கூட, அதனால் கொல்சிசின் குளிசையே கொடுக்கவில்லையாம். வேறு மருந்து கொடுத்து நாலாம் நாள் செருப்புப் போட்டாராம்.

குளிசையே கூடாதென்று டொக்டர் விட்ட ஆளுக்குக் கிழங்கு. நான் இதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

10.1.2024

எழுதவில்லை என்றேன், ஆனால் இன்னொருவர் இதயத்துக்கும் கார்த்திகைக் கிழங்கு என்று ஒரு படம் போட்டிருக்கிறார். செய்தி உண்மைதான், கிழங்குதான் பொய். இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு நாளுக்கு 0.5 மில்லிகிராம் கொல்சிசின் கொடுத்து 2019, 2020 இல் பெரிய ஆய்வுகள் வந்தன. மாரடைப்பு போன்றவை குறைந்தன. 2023 ஜூனில் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கொடுத்தார்கள். நாளுக்கு அரை மில்லிகிராம், சிறுநீரகம் நல்லவர்களுக்கு, டொக்டர் பார்த்துக்கொண்டிருக்க. அந்தப் படத்தில் கிழங்கைத் தேனில் குழைக்கச் சொல்லியிருக்கிறது. படம் போட்டவர் என் ஒன்றுவிட்ட தம்பி, தொலைபேசியில் ஏசிவிட்டேன், எடுத்துவிட்டார்.

4.2.2024

சில பேர் வேலியில் இருப்பதைப் பிடுங்கி எரித்துவிட்டோம் என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் பிடுங்கவில்லை. அரளியும் ஊமத்தையும் நிற்கிற வளவில் இதற்கு மட்டும் என்ன தனிக் கோபம்.

ஒன்று மட்டும் செய்தேன். மல்லாவிப் பொடியன் தோண்டியது ஆவணியில். பூ இல்லை, இலை இல்லை, தண்டும் காய்ந்து உதிர்ந்திருக்கும். பூத்து நிற்கிற நாளில் வன்னியில் எந்தப் பிள்ளையும் இதைத் தின்னாது. எல்லாருக்கும் தெரியும். கொடி செத்த பிறகு கிழங்கு மட்டும் மண்ணுக்குள் காத்துக்கொண்டிருக்கும், அப்போதுதான் அது வெறும் கிழங்கு. எங்கள் கொடி போன கிழமை மஞ்சளாகி விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் மூன்று தகரத் துண்டு குத்தி, சிவப்புப் பெயின்ற் அடித்திருக்கிறேன். பேரன் வந்து இது என்ன என்று கேட்டான். காட்டிக் கொடுத்தேன். மனுசி பின்னால் நின்று, அவனுக்கு இடம் சரியாகக் காட்டிவிட்டீர்கள், இனித் தோண்டத்தான் போகிறான் என்றா.

தகரத்தைப் பிடுங்கவா விடவா என்று இன்னும் முடிவு இல்லை.